கலப்பு, பிரதி, ரத்தம்: ஈரல் வைரஸ்கள் குறித்து

1

வைரஸ் என்கிற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறோம். ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர், எழுத்து இனிமேல் வைரஸ் மாதிரி இயங்கணும், தூய இலக்கணங்களின் உடம்புக்குள் நுழைந்து கலந்து அவற்றைக் கலைத்துப்போடணும் என்று பேசினார். கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன். அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. டெல்யூசும் கத்தாரியும் 'ஆயிரம் பீடபூமிகள்' (1980) நூலின் தொடக்கத்திலேயே, பபூன் குரங்கின் மரபணுவையும் வீட்டுப் பூனையின் மரபணுவையும் இணைத்த ஒரு வைரஸை எடுத்துக்காட்டித்தான், மரம் போல் கிளைக்கும் வம்சாவளிக்கு எதிராகக் கிழங்குப் பின்னலை வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று: இரண்டு வைரஸ்கள் கலக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே ஆளின் உடம்பில், ஒரே செல்லுக்குள் இருந்தாக வேண்டும். அங்கே அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? இரண்டு: 'கலப்பு' என்பது நம் ஊரில் வெறும் அறிவியல் சொல் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆட்களைக் கொல்கிறார்கள். நாம் வைரஸின் கலப்பைக் கொண்டாடினால், எதிராளி அதே உவமையைத் திருப்பிப் போட்டு, கலப்பு என்றாலே நோய்தான் என்று சொல்லிவிட்டுப் போவான். உவமை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி.

எனவே உவமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஈரலைத் தாக்கும் வைரஸ்களில் இந்தக் கலப்பு நிஜமாகவே எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம் என நினைக்கிறேன். நான் படித்துப் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

2

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காமாலையைப் பார்த்த கண்களும் வெகுகாலம் அப்படித்தான் பார்த்தன. கண் மஞ்சளித்தால் காமாலை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடு. இன்றைக்கு அந்த ஒரு பெயருக்குப் பின்னால் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து ஹெபடைடிஸ் வைரஸ்கள் இருப்பது தெரியும். எழுத்து வரிசையைப் பார்த்தால் அண்ணன் தம்பிகள் மாதிரி இருக்கும். கிடையாது. ஐந்தும் ஐந்து வேறு குடும்பம். ஏ, போலியோ வைரஸின் சொந்தம். சி, டெங்குவின் குடும்பம். பி ஒரு டி.என்.ஏ. வைரஸ், ஆனால் ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.வைத் திருப்பி எழுதித்தான் பெருகும். அந்த வகையில் எச்.ஐ.வி.யின் தூரத்து உறவு. டி, பியின் மேலுறையை இரவல் வாங்காமல் வெளியே தலைகாட்டவே முடியாதது; 1977இல் டூரின் நகரில் மாரியோ ரிசெட்டோ அதை முதலில் இனங்கண்டார்.

இ தண்ணீரில் பரவுவது. 1955-56 குளிர்காலத்தில் டெல்லியின் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அதை ஹெபடைடிஸ் ஏ என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைக் கால் நூற்றாண்டு கழித்துச் சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து வைத்த பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கடைசியில் இங்கேதான் திரும்பி வரவேண்டியிருக்கும்.

3

நம் விமர்சனத்தில் 'பிரதி' என்பதற்கு இரண்டு அர்த்தம். எழுதப்பட்ட பனுவலும் பிரதிதான், அதைப் பார்த்து எடுத்த நகலும் பிரதிதான். வைரஸ் விஷயத்தில் இந்த இரண்டும் ஒன்றே. தன்னைப் படியெடுப்பதைத் தவிர அதற்கு வேறு வாழ்க்கை இல்லை.

சி வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் மரபணுத்தொகுதி சுமார் 9,600 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதைப் படியெடுப்பது பாலிமரேஸ் என்னும் நொதி. இந்த எழுத்தர் எழுதியதைத் திருப்பிப் படித்துச் சரிபார்ப்பதில்லை. தொற்றுள்ள ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு லட்சம் கோடி என்ற அளவில் புதிய வைரஸ்கள் உற்பத்தியாகின்றன. எனவே பிழை மலிகிறது. ஒரே ஆளின் ரத்தத்தில் இருப்பது ஒரு வைரஸ் அல்ல. ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பாடபேதங்களின் கும்பல். பிழைகள் சேர்ந்து சேர்ந்து, நூற்றாண்டுகளில், சி வைரஸ் எட்டு மரபணு வகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு வகைக்கும் இன்னொன்றுக்கும் நூற்றுக்கு முப்பது எழுத்து வரை வேறுபாடு.

இது எழுத்துப் பிழை வழியாக நடக்கும் பரிணாமம். மறுசேர்க்கை வேறு. ஏடு பெயர்த்தெழுதும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் ஒரே நூலின் இரண்டு சுவடிகள், இரண்டும் வேறு வேறு ஊரிலிருந்து வந்தவை. முதல் சுவடியைப் பார்த்து நாற்பது பாட்டு எழுதிவிட்டார். ஏதோ ஓர் இடத்தில் கண் நழுவி இரண்டாம் சுவடிக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை அதிலிருந்து எழுதி முடிக்கிறார். வெளியே வரும் ஏட்டின் முன்பாதி ஒரு ஊர், பின்பாதி இன்னொரு ஊர். செல்லுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பாலிமரேஸ் ஓர் இழையைப் படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே கழன்று, பக்கத்தில் கிடக்கும் இன்னொரு இழைக்குத் தாவி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தாவிய அந்த இடத்தை முறிவுப்புள்ளி என்கிறார்கள்.

எழுத்துப் பிழை ஒவ்வோர் எழுத்தாக மாற்றும், பெரும்பாலும் கெடுக்கும். மறுசேர்க்கை, ஏற்கெனவே எங்கோ பிழைத்து ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய துண்டை அப்படியே தூக்கிவந்து பொருத்துகிறது. அதனால்தான் அது ஒரே தாவலில் தூரம் போக முடிகிறது. அதற்காக இதை வைரஸின் தந்திரம் என்று எழுத வேண்டாம். ஒட்டாத துண்டுகளோடு பிறந்து அங்கேயே அழிந்துபோகும் கலப்புகளே அதிகம். அதில் நோக்கமும் இல்லை, கலகமும் இல்லை.

4

கலப்பு நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பதிப்பாசிரியர்கள் செய்யும் அதே வேலைதான். சுவடிகளை ஒப்பிட்டு, எதிலிருந்து எது பெயர்த்தெழுதப்பட்டது என்று வம்சாவளி மரம் போடுகிறோம். முன்பாதிக்கு ஒரு மரம், பின்பாதிக்கு ஒரு மரம். ஒரு சுவடி முதல் மரத்தில் ஒரு கிளையிலும் இரண்டாவது மரத்தில் வேறு கிளையிலும் உட்கார்ந்திருந்தால், அது கலந்தது. வைரஸின் எழுத்துக்களையும் இப்படித் துண்டு துண்டாக நகர்த்தி ஒப்பிடுகிறார்கள். எந்த இடத்தில் நெருக்கம் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறதோ அங்கே முறிவு.

இதில் ஒரு பொறி உண்டு. சோதனைக்கூடத்தில் வைரஸின் எழுத்துக்களைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையிலும் நொதிதான் வேலை செய்கிறது, அதுவும் தாவும். இரண்டு வைரஸ் கலந்த ரத்தத்தைச் சோதித்தால், உடம்பில் இல்லாத கலப்பைச் சோதனைக்குழாயே உண்டாக்கிக் காட்டிவிடக்கூடும். ஆகவே ஒரு ஆளிடம் ஒரு தடவை கண்டால் போதாது. வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு கூடங்களில், அதே முறிவுப்புள்ளி திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். அப்போதுதான் அது ஆளிலிருந்து ஆளுக்குப் பரவும் ஒரு நிஜமான வைரஸ் என்று ஒத்துக்கொள்வார்கள்.

5

பி வைரஸின் மரபணுத்தொகுதி ரொம்பச் சின்னது. சுமார் 3,200 எழுத்து, வட்டமாக. அதற்குள் நான்கு மரபணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. மேலுறைப் புரதத்துக்கான பகுதி முழுவதும், படியெடுக்கும் நொதிக்கான பகுதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதே எழுத்துக்கள், வேறு இடத்தில் பிரித்துப் படித்தால் வேறு பொருள். காளமேகத்தின் சிலேடை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிலேடைப் பாட்டில் ஒரு எழுத்தைத் திருத்தினால் இரண்டு பொருளும் ஆட்டம் காணும். லாமிவுடின் மருந்துக்கு அசையாதபடி நொதியில் ஏற்படும் மாற்றம் மேலுறையையும் சேர்த்து மாற்றிவிடுவது இதனால்தான். இப்படிக் கட்டுண்டு கிடக்கும் வைரஸுக்கு, வேறு வகையிலிருந்து ஒரு துண்டு முழுதாக வந்து சேர்வது பெரிய வழி.

அப்படி வந்து சேர்ந்ததற்குச் சான்றுகள் நிறைய. பி வைரஸின் வகைகளை ஆங்கில எழுத்துக்களால் ஏ முதல் குறிக்கிறார்கள் (வைரஸின் பெயரும் எழுத்து, வகையின் பெயரும் எழுத்து, குழம்ப வேண்டாம்). ஆசியாவில் பரவலாக உள்ள பி வகையில், கருப் புரதத்துக்கான பகுதி சி வகையிலிருந்து வந்தது. ஜப்பானில் காணப்படும் பி வகையில் இந்தக் கலப்பு இல்லை. திபெத்தில் சியும் டியும் கலந்தவை பரவியிருக்கின்றன.

இதைவிட முக்கியம் எலும்புகள் சொன்னது. பழைய எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் வைரஸின் டி.என்.ஏ.வைப் படிக்க முடிந்த பிறகு, 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இன்று 'ஏ' என்று தனிப்பெயரோடு இருக்கும் வகையே பழைய கலப்பொன்றில் பிறந்ததற்கான ஆதாரத்தை முன்வைத்தது. 2021இல், சுமார் 10,500 ஆண்டுகள் முன்பு தொடங்கி 400 ஆண்டுகள் முன்பு வரையிலான 137 பழைய பி வைரஸ்களை ஒப்பிட்டார்கள். ஐரோப்பாவின் புதிய கற்காலத்து விவசாயிகளிடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலவிய ஒரு கிளை, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பின்பாதியில் ஏறக்குறைய மறைந்துபோகிறது. அதன் மிச்சம் இன்று ஜி என்கிற அபூர்வ வகையில் மட்டும் இருக்கிறது. அதுவும் தனியாகப் பெரும்பாலும் நிற்பதில்லை. ஏ போன்ற இன்னொரு வகையோடு சேர்ந்தே காணப்படுகிறது. எச்.ஐ.வி. பரவிய காலத்தில், எதிர்ப்பாற்றல் குலைந்த உடம்புகளில், அது மறுபடி தலையெடுத்தது போலத் தெரிகிறது என்கிறார்கள்.

'தூய வகை' என்பது எப்போது உண்டாகிறது? நாம் எண்ண ஆரம்பித்த அன்றைக்கு. அதற்கு முந்தைய கலப்பெல்லாம் மறந்து, அன்றைக்குக் கையில் கிடைத்ததற்கு ஓர் எழுத்தைப் பேராக வைத்தோம். சி வைரஸின் எட்டாவது வகை 2018இல் அறிவிக்கப்பட்டது. கண்டது கனடாவில், பஞ்சாபிலிருந்து போன நான்கு பேரிடம். பஞ்சாபில் அதைப் படிக்கும் வசதி முன்பே இருந்திருந்தால் அதன் எண் வேறாகக்கூட இருந்திருக்கும்.

6

இனி நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு வைரஸை ஒரே செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்?

சி வைரஸில் கலப்பு அபூர்வம். ஒரு செல்லுக்குள் ஒன்று குடியேறிவிட்டால் இன்னொன்று நுழைவது கடினம். அப்படியும் 2002இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஊசி வழியாகப் போதைமருந்து எடுத்துக்கொள்பவர்களிடம், முன்பகுதி 2கே, பின்பகுதி 1பி என்று இருக்கும் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அதே முறிவுப்புள்ளியோடு ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், அயர்லாந்து என்று பல இடங்களில் கிடைத்தது. எழுத்துப் பிழைகள் சேரும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள், இந்தக் கலப்பு 1923க்கும் 1956க்கும் இடையில் சோவியத் ஒன்றியத்தில் நடந்திருக்கலாம் என்கிறார்கள். ரத்தம் ஏற்றும் ஏற்பாடு அங்கே நாடு முழுக்க விரிந்த காலம் அது.

இடதுசாரிப் பின்னணியிலிருந்து வந்த நமக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் ஞாபகம் வர வேண்டும். அலெக்சாந்தர் போக்தனோவ். லெனின் 'பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்' நூலில் வெளுத்து வாங்கினாரே, அதே போக்தனோவ்தான். அவர் மருத்துவர், நாவலாசிரியரும்கூட. 1908இல் வந்த 'சிவப்பு நட்சத்திரம்' நாவலில் செவ்வாய்க் கிரகத்தின் பொதுவுடைமை மனிதர்கள் ஒருவருக்கொருவர் ரத்தம் மாற்றிக்கொண்டு இளமையாக இருப்பார்கள். 1926இல் மாஸ்கோவில் ரத்தமேற்றலுக்கான நிறுவனத்தை அவரே தொடங்கி நடத்தினார். 1928இல், நோயாளியான ஒரு மாணவரோடு ரத்தம் மாற்றிக்கொண்டு இறந்துபோனார். மாணவர் பிழைத்துக்கொண்டார்.

போக்தனோவுக்கும் இந்த வைரஸுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் எதுவும் இல்லை. நான் போடவும் இல்லை. சி வைரஸ் என்று ஒன்று இருப்பதே 1989இல்தான் வெளியானது. அந்தக் காலத்து மருத்துவர் யாருக்கும் தாம் எதைச் சேர்த்து ஏற்றுகிறோம் என்று தெரிந்திருக்க வழியில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ரத்தம் ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரு சமூக ஏற்பாடு இல்லாமல் இப்படியொரு கலப்புக்கு இடமே இல்லை. அந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றியது, நல்லெண்ணத்தோடு கட்டப்பட்டது. எகிப்திலும் இதே கதைதான். நத்தைவழிப் புழுநோயை ஒழிக்க 1950கள் தொடங்கி 80களின் ஆரம்பம் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். சரியாகக் கொதிக்கவைக்காத அதே சிரிஞ்சுகள். புழுநோய் குறைந்தது, சி வைரஸ் நாடு முழுக்கப் பரவியது.

சரி, பீட்டர்ஸ்பர்க் கலப்பால் என்ன நஷ்டம்? இங்கேதான் பெயர் வைக்கும் பிரச்சினை திரும்பி வருகிறது. வழக்கமான வகைச் சோதனை வைரஸின் முன்முனையை மட்டும் படிக்கும். முன்முனை 2 என்று சொன்னால் சீட்டில் 'வகை 2' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 2013க்குப் பிறகு வந்த மருந்துகள் பிடிப்பதெல்லாம் பின்பகுதியில் உள்ள புரதங்களை. இந்த வைரஸின் பின்பகுதி வகை 1. வகை 2க்கு அப்போது கொடுத்த சோபோஸ்புவிர், ரிபாவிரின் சேர்க்கை இவர்களில் பலருக்குச் சரியாக வேலை செய்யவில்லை. ஜார்ஜியாவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 'வகை 2' என்று சீட்டு வாங்கியவர்களில் நான்கில் மூன்று பங்கினர் உண்மையில் இந்தக் கலப்பு வைரஸ் உள்ளவர்கள். 12 வாரம் ஒழுங்காக மாத்திரை விழுங்கிவிட்டு, வைரஸ் திரும்பி வந்துவிட்டது என்று கேட்கிற ஆளை நினைத்துப்பாருங்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீங்களா, மறுபடி ஊசி போட்டுக்கிட்டீங்களா என்றுதான் முதல் கேள்வி வரும். சோதனை அரைகுறையாகப் படித்தது என்று யாருக்கும் உடனே தோன்றாது.

2016க்குப் பிறகு எல்லா வகைக்கும் கேட்கும் மருந்துச் சேர்க்கைகள் வந்துவிட்டதால் இந்தக் குறிப்பிட்ட தப்பின் வலி குறைந்திருக்கிறது. ஆனால் மருந்து இருப்பது வேறு, அது கைக்கு வருவது வேறு. சோபோஸ்புவிர் 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000. அந்த விலை மருந்தின் வேதியியலில் இருந்து வந்ததல்ல. இந்தியாவிலேயே குறைந்த விலையில் தயாரிக்க முடிந்தபோது அது தெரிந்துபோனது.

7

கடைசியாக இன்னொரு வைரஸ். 2011இல் வெளியான ஆய்வு: எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடம்பில் ஹெபடைடிஸ் இ வெகுநாள் தங்கியிருந்தது. அதன் மரபணுவுக்குள் மனித மரபணுவொன்றின் துண்டு, 174 எழுத்து, செருகப்பட்டிருந்தது. நம் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைச் சேர்ந்த பகுதி அது. வைரஸ் நம்மையே படித்து எழுதிக்கொண்டுவிட்டது. அந்தத் துண்டோடு அது சோதனைக்கூடத்து செல்களில் முன்னைவிட நன்றாகப் பெருகியது. பன்றியின் செல்களிலும் வளர்ந்தது. தன்னிலை, பிறன் என்று கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இது அல்வா. ஆனால் திரும்பவும் பாருங்கள்: தானாகவே அகன்றுவிட வேண்டிய ஒரு தொற்று வெகுநாள் அகலாமல் தங்கிப்போன ஓர் உடம்பில்தான் இது நடந்தது.

கலப்பு நடந்த உடம்புகளை வரிசையாக எண்ணிப் பார்க்கிறேன். ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள். சோதிக்காத ரத்தம் ஏற்றப்பட்டவர்கள். எச்.ஐ.வி.யோடு இருந்தவர்கள். ஒரே ஆளிடம் இரண்டு தொற்று வந்து சேர்வது தற்செயல் அல்ல. எந்த உடம்புகளில் தொற்றுகள் குவியும் என்பதை மருத்துவமனையும் சிறையும் வறுமையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நொதி தாவுவது இயற்கை. அது தாவுவதற்குப் பக்கத்தில் இன்னொரு இழை கிடந்தது வரலாறு. முறிவுப்புள்ளியை நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்: இரண்டு தொற்றுகள் ஓர் உடம்பில் சந்தித்ததற்கான ரசீது.

அதனால் வைரஸ் மாதிரி எழுதணும் என்று சொன்ன நண்பருக்கு என் பதில்: வேண்டாம். தூய்மைவாதத்தை எதிர்க்க நமக்கு வைரஸின் சிபாரிசு தேவையில்லை. மனிதர்கள் கலந்து வாழ்வது அவர்கள் உரிமை. வைரஸ் கலப்பது ஒரு நொதியின் நழுவல். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட முடிகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. வைரஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: முன்முனையை மட்டும் படித்துப் பெயர் வைக்காதே, முழுசாகப் படி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் பி வைரஸோடு இருந்தவர்கள் 2 கோடியே 98 லட்சம் பேர், சி வைரஸோடு 55 லட்சம் பேர். உலக அளவில் பி தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பதே அப்போது தெரிந்திருந்தது. பிக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஈஸ்ட்டுக்குள் வைரஸின் ஒரு மரபணுவைச் செருகித் தயாரிக்கப்படும் அது 1986இலேயே வந்துவிட்டது. அதுவும் மனிதர் கையால் நடந்த மறுசேர்க்கைதான். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். இந்தியாவில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுக்க அது சேர்ந்தது 2011இல். கால் நூற்றாண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் பிறந்தவர்கள் இன்று நம்மோடுதான் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். ஒரு தடவை ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை விவாதிக்கலாம்.